மேரி வின்ட்சர் படங்கள்: எந்த டிஸ்க்கை வாங்கலாம், எதற்கு யோசிக்கலாம்

மேரி வின்ட்சர் நடித்த படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் 1956இல் வந்த ‘தி கில்லிங்’கை வாங்குங்கள். அதிலும் கினோ லோர்பர் 2022இல் வெளியிட்ட 4கே டிஸ்க்கையே வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் பணம் ஒதுக்க முடிந்தால் அடுத்து ‘தி நேரோ மார்ஜின்’ டிவிடி. மூன்றாவது ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’. நான்காவதாக நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டாகத் தயாரித்த ‘தி ஜங்கிள்’. இந்த வரிசையை முடிவு செய்தவை இரண்டு விஷயங்கள்: அவருடைய நடிப்பு, புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு சாதாரண வீட்டு டிவியில் எந்த டிஸ்க் ஒழுங்காக ஓடும் என்பது. வெளிநாட்டு விமர்சனங்களில் முதல் விஷயம் நிறையக் கிடைக்கும். இரண்டாவது நம் ஊர்ப் பிரச்சினை. ஆசையாக வரவழைத்த டிஸ்க் பிளேயருக்குள் போனதும் ‘ரீஜன் தவறு’ (டிஸ்க் உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று போடும் பூட்டுதான் ரீஜன்) என்று எழுத்து வந்தால் கடைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் இவர் யார் என்று பார்த்துவிடலாம். 1919 டிசம்பர் 11 அன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேரிஸ்வேல் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். இயற்பெயர் எமிலி மேரி பெர்டெல்சன். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஹாலிவுட் வந்து, மாஸ்கோ கலை அரங்கில் பயின்ற மரியா அவுஸ்பென்ஸ்காயாவிடம் நடிப்புக் கற்றார். 1941இலிருந்து சிறு வேடங்கள், நடுவில் நாடகம், வானொலி, பிறகு எம்.ஜி.எம். ஒப்பந்தம். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், அதாவது 175 சென்டிமீட்டர். பெரிய அகன்ற கண்கள். இந்த உயரமும் கண்ணும்தான் அவருக்கு வாய்ப்பும் தந்தன, தடையாகவும் நின்றன. கதாநாயகனைவிடக் கதாநாயகி உயரமாகத் தெரியக்கூடாது என்பது அன்றைய ஸ்டூடியோ வழக்கம். 1949இல் ‘அவுட்போஸ்ட் இன் மொராக்கோ’வில் ஜார்ஜ் ராஃப்டோடு ஆடும்போது முழங்காலை மடக்கிக்கொண்டே ஆட வேண்டியிருந்ததை அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

முதல் வரிசைக் கதாநாயகி வேடங்கள் கைக்கு வராததால், ‘பி’ படங்கள் என்று சொல்லப்பட்ட சிக்கனப் படங்கள்தான் அவர் களம் ஆனது. அன்றைய அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய படத்துக்குத் துணையாக ஓடும் இரண்டாவது படம் பெரும்பாலும் 60 முதல் 75 நிமிடம். படப்பிடிப்பு இரண்டு வாரம், சில சமயம் அதைவிடக் குறைவு. திரும்பத் திரும்ப டேக் வாங்க ஃபிலிமும் கிடையாது, நேரமும் கிடையாது. நடிகை செட்டுக்கு வரும்போதே வசனமும் அசைவும் கையில் இருக்க வேண்டும். மேரி வின்ட்சரைப் ‘பி படங்களின் ராணி’ என்று அழைத்ததைச் சிலர் குறைவான பட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. நூறு நிமிடப் படத்தில் நட்சத்திரத்துக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். இவருக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பெண்ணின் பத்து வருட வாழ்க்கையை நமக்குப் புரிய வைத்துவிடுவார். அதைப் பெரும்பாலும் வசனத்தில் செய்வதில்லை. கண் இமை எப்போது இறங்குகிறது, உதடு எந்தப் பக்கம் கோணுகிறது என்பதில் செய்கிறார். அதனால்தான் இவர் படங்களுக்குப் பிரதியின் தரம் முக்கியம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மங்கலான பிரதிகளில் நிழல் பகுதி முழுக்கக் கட்டிக் கறுப்பாகிவிடும். முகத்தில் பாதி நிழலில் இருக்கும் காட்சியில் அந்தப் பாதி காணாமல் போனால், மிஞ்சுவது வசனம் மட்டும்.

இப்போது ‘தி கில்லிங்’. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குக்கு அப்போது 27 வயது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் பி. ஹாரிஸ், ஒளிப்பதிவு லூசியன் பல்லார்ட், வசனத்தில் ஜிம் தாம்ப்சன். குதிரைப் பந்தய மைதானத்தில் இருபது லட்சம் டாலரைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். ஸ்டெர்லிங் ஹேடன் தலைவன். அவன் குழுவில் மைதானத்து டிக்கெட் கவுன்டரில் காசாளராக இருக்கும் ஜார்ஜ் பீட்டியாக எலைஷா குக் ஜூனியர். ஜார்ஜின் மனைவி ஷெர்ரிதான் மேரி வின்ட்சர். ‘தி நேரோ மார்ஜின்’ பார்த்துவிட்டுத்தான் குப்ரிக் இவரை ஷெர்ரியாக வேண்டும் என்று கேட்டார்.

ஷெர்ரியும் ஜார்ஜும் முதன்முதலில் வரும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கணவன் வேலையிலிருந்து வருகிறான். இவர் சோபாவில் சாய்ந்தபடியே இருக்கிறார், எழுந்திருக்கவே இல்லை. அவன் வயிற்று வலி என்கிறான். இவர் பதில் சொல்லும் குரலில் கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. பல வருடமாக ஒரே விளையாட்டை ஆடி ஜெயித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் நிதானம் இருக்கிறது. ஜார்ஜ் ஏதோ பெரிய பணம் வரப்போவதாக வாய் தவறிச் சொன்னதும் உடம்பு அசையாமல் கண் மட்டும் திரும்புகிறது. கதை முழுவதும் அந்தக் கண் திரும்பலிலிருந்துதான் இறங்கி ஓடுகிறது. பிறகு ஹேடனோடு தனியாக ஒரு காட்சி. ஆறடி ஐந்து அங்குல ஹேடன் எதிரில் நிற்க, கணவனிடம் பலித்த அதே வித்தையை இவர் மறுபடி எடுக்கிறார். பலிக்கவில்லை. பலிக்கவில்லை என்று ஷெர்ரிக்குத் தெரிந்த பிறகும் முகத்தை மாற்றாமல் தொடர்கிறார் பாருங்கள், அந்த இடத்துக்காகவே டிஸ்க் வாங்கலாம். இந்த வேடத்துக்காக ‘லுக்’ பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த துணை நடிகையாக இவரைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கர் பட்டியலில் பெயர் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இந்தப் படத்துக்கு மூன்று நல்ல பதிப்புகள் உண்டு. அமெரிக்க கிரைடீரியன் 2011இல் வெளியிட்ட ப்ளூ-ரே. பிரிட்டனின் ஆரோ 2015இல் வெளியிட்ட ப்ளூ-ரே. மேலே சொன்ன கினோ 4கே. முதல் இரண்டிலும் குப்ரிக்கின் முந்தைய படமான ‘கில்லர்ஸ் கிஸ்’ முழுதாகச் சேர்ந்து வருகிறது. கிரைடீரியனில் தயாரிப்பாளர் ஹாரிஸின் பேட்டியும் உண்டு. பார்க்கத் தகுந்த சரக்கு என்று கணக்கிட்டால் கிரைடீரியன்தான் முந்தும். ஆனால் அமெரிக்க கிரைடீரியன் ‘ஏ’ ரீஜன் பூட்டு, ஆரோ ‘பி’ ரீஜன் பூட்டு. இந்தியா ‘சி’. நம் கடைகளில் விற்கும் பிளேயரில் இரண்டுமே ஓடாது. 4கே டிஸ்க்குகளுக்கு ரீஜன் பூட்டே கிடையாது என்பதால்தான் கினோவை முதலில் வைத்தேன். பூட்டு இல்லை என்பதற்காக எல்லாப் பிளேயரிலும் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ப்ளூ-ரே பிளேயரால் 4கே டிஸ்க்கைப் படிக்க முடியாது. 4கே அல்ட்ரா எச்டி பிளேயர் வேண்டும், அல்லது டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, இல்லாவிட்டால் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ ஆகாது; பெயரில் ப்ரோ இருந்தாலும் அதன் டிரைவ் 4கே டிஸ்க்கைப் படிக்காது. வீட்டில் பிள்ளைகள் விளையாட பிளேஸ்டேஷன் 5 இருந்தால் தனியாகப் பிளேயர் வாங்கும் செலவு மிச்சம். டிவி 4கே இல்லை, பழைய ஃபுல் எச்டி என்றாலும் பரவாயில்லை. பிளேயரே படத்தைக் குறைத்து அனுப்பும்.

டிவி செட்டிங்கில் கவனம் வேண்டும். ‘தி கில்லிங்’ இந்த டிஸ்க்குகளில் 1.66 விகிதத்தில், அதாவது உயரத்தைப்போல் 1.66 மடங்கு அகலத்தில் இருக்கிறது. 43 அங்குல டிவியின் திரை சுமார் 95 சென்டிமீட்டர் அகலம், 53.5 சென்டிமீட்டர் உயரம். 1.66 படம் அதில் 89 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும், இரண்டு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை இருக்கும். இருக்கட்டும். அதை நிரப்ப ‘ஜூம்’ போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். பழைய படங்களில் முகத்தின் மேல் அதிக இடம் விட மாட்டார்கள், வெட்டினால் நெற்றி போய்விடும். ‘மோஷன்’ என்ற பெயரில் இருக்கும் வழவழப்பு வசதியை முழுக்க அணைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் வேறு, வேலை ஒன்றுதான்: நொடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தில் இல்லாத சட்டகங்களைச் செய்து நடுவில் செருகும். படம் சீரியல் மாதிரி ஆகிவிடும், கண் திரும்பும் அந்தச் சின்ன அசைவும் குழைந்து போகும். ஷார்ப்னெஸ் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். நிற வெப்பம் ‘வார்ம்’. பகலில் பார்க்காதீர்கள், முடியாவிட்டால் கிழக்குப் பார்த்த ஜன்னலைக் கனத் துணியால் மறைத்துவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் காலை வெளிச்சம் அடிக்கும் அடியில் பல்லார்டின் நிழல் எதுவும் தெரியாது.

‘தி நேரோ மார்ஜின்’ 71 நிமிடம். ஆர்.கே.ஓ. தயாரிப்பு, இயக்கம் ரிச்சர்ட் ஃப்ளெய்ஷர். 1950இல் சுமார் இரண்டு வாரத்தில் எடுத்து முடித்தார்கள். ஸ்டூடியோ முதலாளி ஹவர்ட் ஹியூஸ் பிடித்து வைத்துக்கொண்டதில் 1952இல்தான் வெளிவந்தது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் ரயிலில் ஒரு தாதாவின் விதவையைச் சாட்சி சொல்ல அழைத்துப் போகிறார் போலீஸ்காரர் சார்லஸ் மெக்ரா. கொல்ல வந்தவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அந்தப் பெண் மேரி வின்ட்சர். கதையில் இதற்கு மேல் சொன்னால் படம் பார்ப்பதில் பாதி ருசி போய்விடும். டிஸ்க்கின் பின்அட்டையைக்கூடப் படிக்க வேண்டாம்.

தொடக்கத்தில் சிகாகோ வீட்டு மாடிப்படியில் அவர் கழுத்து முத்து மாலை அறுகிறது. முத்துகள் ஒவ்வொன்றாகப் படியில் துள்ளி இறங்கி, கீழே ஒளிந்திருப்பவனின் காலடிக்குப் போய் நிற்கின்றன. துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னாலேயே நமக்கு நெஞ்சு பதைக்கிறது. இந்தப் படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. இசை கேட்கிறது என்றால் அந்தப் பெண் தன் கிராமபோனைப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரயில் சத்தம். ஓர் இடத்தில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து நகத்தை ராவிக்கொண்டிருப்பார். அந்த ராவும் சத்தம் அப்படியே ரயில் சக்கரத்தின் ஓட்டத்தோடு போய்ச் சேரும், காட்சியும் மாறிவிடும். கொலைகாரர்கள் பக்கத்துப் பெட்டியில் இருக்கும்போது நகம் ராவுகிறவள் எப்படிப்பட்டவள் என்ற கேள்வியை ஒரு வசனமும் இல்லாமல் கேட்டுவிடுகிறார்கள். மெக்ராவோடு இவர் போடும் சண்டைகள் கத்தி வீச்சுதான். இரண்டு பேரும் எதிராளி முடிக்கும் வரை காத்திருப்பதே இல்லை. நெருக்கமான செட், அதை ஆட்டுவதற்குப் பதில் கேமராவை ஆட்டி ரயில் ஓடுவதாக நம்ப வைத்தார்கள். கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

டிவிடியை வார்னர் 2005இல் வெளியிட்டது, தனியாகவும் ஐந்து பட ‘நாய்ர்’ (இருண்ட குற்றக் கதைப் படங்கள்) பெட்டியின் இரண்டாம் தொகுதியிலும். வேறொரு இயக்குநரான வில்லியம் ஃப்ரீட்கின் படம் ஓடும்போதே பேசும் விளக்கவுரை இருக்கிறது. முதல் தடவை அதை அணைத்து வைத்துப் பாருங்கள். டிவிடி என்பதால் மூன்று சிக்கல். ஒன்று, ரீஜன் 1. இந்தியா ரீஜன் 5. இதற்குச் செலவில்லாத வழி கம்ப்யூட்டரில் யூஎஸ்பி டிவிடி டிரைவை மாட்டி வி.எல்.சி. என்ற மென்பொருளில் போடுவது, பல டிரைவ்களில் பூட்டைக் கேட்காமலே ஓடும். கம்ப்யூட்டர் ‘ரீஜனை மாற்றட்டுமா’ என்று கேட்டால் யோசித்துச் சரி சொல்லுங்கள். ஒரு டிரைவில் ஐந்து தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்ததில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அடிக்கடி அமெரிக்க டிஸ்க் வாங்குகிறவர்கள் ஒரு மலிவான டிரைவை ரீஜன் 1க்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் ‘110-240 வோல்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் 110 என்றிருந்தால் நம் 230இல் சொருகிய நொடியே பவர் சப்ளை போய்விடும்.

இரண்டாவது சிக்கல் கேபிள். புதுச்சேரி நேரு வீதிக் கடைகளில் பழைய டிவிடி பிளேயர் கிடைத்தால் அதோடு மஞ்சள்-சிவப்பு-வெள்ளைக் கேபிள்தான் வரும். அந்த மஞ்சள் கேபிளில் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தால் கோடு போட்ட கோட்டு, ஜன்னல் சட்டம் மாதிரி நெருங்கிய கோடுகள் வரும் இடத்தில் வானவில் நிறம் நெளியும். ஒளி, நிறம் இரண்டும் ஒரே கம்பியில் வருவதால், நெருங்கிய கோட்டை டிவி நிறம் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறது. எச்டிஎம்ஐ உள்ள பிளேயரில் இது வராது. மஞ்சள் கேபிள்தான் இருக்கிறது என்றால் டிவியில் ‘கலர்’ அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள், நெளிவு நின்றுவிடும்.

மூன்றாவது, படத்தின் வடிவம். இது 1.37, கிட்டத்தட்டச் சதுரம். அதே 43 அங்குல டிவியில் 73 சென்டிமீட்டர் அகலம் வரும், பக்கத்துக்குப் பதினொரு சென்டிமீட்டர் கறுப்பு. பிளேயரிலும் டிவியிலும் 4:3 வையுங்கள். ‘ஃபுல்’ போட்டால் மெக்ரா குண்டாகிவிடுவார், மேரி வின்ட்சரின் உயரம் என்ற ஒன்றே இல்லாமல் போகும். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடி கிடைத்தால் தவிர்க்கலாம். 24 சட்டகத்தை 25ஆக ஓட்டுவதால் 71 நிமிடப் படம் 68 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல் ஏறி ஒலிக்கவும் வாய்ப்பு உண்டு. மேரி வின்ட்சரின் குரல் அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரல், ஏறினால் பாத்திரமே மாறிப் போகும். ஒலி மோனோ. டிவியிலோ சவுண்ட்பாரிலோ ‘சரவுண்ட்’ வசதி ஓடினால் ரயில் சத்தம் குழம்பி வசனத்தை மூடும். அணைத்துவிடுங்கள்.

‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ 1948. ஆபிரகாம் போலன்ஸ்கி இயக்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1994இல் சேர்க்கப்பட்ட படம். இதில் மேரி வின்ட்சருக்குச் சில காட்சிகள்தான். தாதா டக்கரின் மனைவி எட்னா. வக்கீல் ஜான் கார்ஃபீல்டை வளைக்கப் பார்க்கிறாள். படத்தின் கதையை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடையான பிறகும் கடலூர், விழுப்புரம் பக்கம் ஒளிந்து ஓடிய மூணு நம்பர் சீட்டு விளையாட்டேதான். அங்கே ஜூலை 4 சுதந்திர தினத்தன்று ஜனங்கள் எல்லாம் 776 என்ற எண்ணிலேயே பணம் கட்டுவார்கள். அந்த எண்ணையே விழ வைத்தால் சின்ன ஏஜென்ட்டுகள் அத்தனை பேரும் பணம் கொடுக்க முடியாமல் திவால் ஆவார்கள். பெரிய முதலாளி எல்லாவற்றையும் விழுங்கிவிடலாம். சின்ன ஏஜென்ட்டுகளில் ஒருவர் வக்கீலின் அண்ணன். இவ்வளவு தெளிவாகச் சூதாட்டத்தின் கணக்கைச் சொன்ன படம் குறைவு. போலன்ஸ்கியைப் பிற்பாடு கம்யூனிஸ்ட் வேட்டையில் கறுப்புப் பட்டியலில் போட்டார்கள். கார்ஃபீல்ட் 1952இல், 39 வயதில் காலமானார்.

அமெரிக்காவில் ஆலிவ் ஃபிலிம்ஸ் 2012இல் ப்ளூ-ரே வெளியிட்டது, ‘ஏ’ ரீஜன். அந்நிறுவனத்தின் அந்தக் கால டிஸ்க்குகளில் பெரும்பாலும் சப்டைட்டில் இருக்காது. இந்தப் படத்துக்கு அது பெரிய குறை. வசனம் கவிதை மாதிரி ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பி வேகமாகப் போகும். ஆங்கிலம் சரளமாக வருகிறவர்களுக்கே முதல் தடவை பாதி தப்பிப் போகும். பிரிட்டனில் ஆரோ நான்கு நாய்ர் படங்களைச் சேர்த்து ஒரு பெட்டியாகக் கொண்டு வந்ததில் இதுவும் இருக்கிறது, ‘பி’ ரீஜன். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தேடலாம். மற்றவர்கள் இந்தப் படத்துக்காகத் தனிப் பிளேயர் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேரி வின்ட்சரின் பங்கு சிறியது. அவர் வந்து போகும் காட்சிகள் அருமை என்றாலும் செலவு அதிகம்.

வெளிநாட்டு டிஸ்க் எதுவானாலும் விலையோடு அனுப்பும் கூலி, சுங்க வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் மூன்றும் சேரும். மூன்று தனித்தனிப் பார்சலாக வரவழைப்பதைவிடக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரே பார்சலாகப் போட்டால் அனுப்பும் கூலியில் நல்ல மிச்சம். வந்ததும் மூடியைத் திறந்து, நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிடிப்பானிலிருந்து டிஸ்க் கழன்று வழியெல்லாம் ஆடி வந்திருந்தால் கீறல் இருக்கும். ப்ளூ-ரேயில் தரவு அடுக்கு மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் கீழேதான். டிவிடியில் அது 0.6. ப்ளூ-ரேக்குக் கடினப் பூச்சு உண்டு என்றாலும் ஆழமான கீறலைத் தாங்காது.

கடல் பக்கத்து ஊர் என்பதால் பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிஸ்க்கைவிடப் பிளேயர்தான் முதலில் கெடும். உப்புக்காற்றில் எச்டிஎம்ஐ முனை கறுக்கும், லென்ஸ் நகரும் கம்பியில் மசை இறுகும். மாதத்துக்கு ஒரு தடவையாவது அரைமணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே வரும் சூட்டில் ஈரம் போகும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த பிளேயரை வெளி அறையில் உடனே போடாதீர்கள், லென்ஸில் ஆவி படிந்து டிஸ்க் இல்லை என்று சொல்லும். டிஸ்க்குகளை நிற்க வைத்து அடுக்கி, டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறினால் மாற்றுங்கள். காகித உறையில் போட்டால் கார்த்திகையில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த டிஸ்க்கைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவுப் பாதையோடு சேர்ந்து ஓடி, பிழைதிருத்தத்தால் சரிசெய்ய முடியாத அளவுக்கு நீளும். தானே புயல் 2011இல், ஃபெஞ்சல் 2024இல் புதுச்சேரி வீடுகளுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று தெரிந்தவர்கள் எதையும் தரையை ஒட்டிய அலமாரியில் வைக்க மாட்டார்கள்.

மற்ற படங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். ‘ஹெல்ஃபயர்’ (1949) வண்ணத்தில் வந்த குதிரைப் படம். இவர் துப்பாக்கி தூக்கிய கொள்ளைக்காரி டால் பிரவுன். நன்றாகக் குதிரை ஏறத் தெரிந்தவர் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். ‘தி ஸ்னைப்பர்’ (1952) எட்வர்ட் டிமிட்ரிக்கின் படம். பியானோ வாசிக்கும் பெண்ணாகக் கொஞ்ச நேரம்தான் வருகிறார், ஆனால் அவர் போன பிறகு படம் வேறு மாதிரி இறுகுகிறது. ‘கேட்-விமன் ஆஃப் தி மூன்’ (1953) நிலாவில் பூனைப் பெண்கள் கதை. அவர் இருக்கிறார் என்பதற்காகக்கூட வாங்க வேண்டாம். 1979இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘சேலம்ஸ் லாட்’டில் இயக்குநர் டோப் ஹூப்பர் இவரையும் எலைஷா குக்கையும் மறுபடி சேர்த்து வைத்தார். ‘தி கில்லிங்’ பார்த்தவர்களுக்கு அது இனிக்கும். மேரி வின்ட்சர் அமெரிக்க நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் 25 ஆண்டுகள் இருந்தார், ஓவியமும் சிற்பமும் செய்தார். கலைஞர்களின் பெயரை நட்சத்திரமாகப் பதிக்கும் ஹாலிவுட் நடைபாதையில் 1983இல் அவருக்கும் ஒரு நட்சத்திரம் கிடைத்தது. 2000 டிசம்பர் 10 அன்று, 81ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் காலமானார்.

‘தி ஜங்கிள்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் எடுத்த படம், 1952. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர், இவர்களோடு நம் எம்.என். நம்பியார். தமிழில் ‘காடு’ என்ற பெயரில் வந்தது. காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஊருக்குள் வருகின்றன என்று தேடிப் போகிறார்கள். உள்ளே ஆதிகால மயிர் யானைகள் இருக்கின்றன. சாதாரண யானைகளின் மேல் மயிரைப் போர்த்தியிருக்கிறார்கள், பார்த்ததும் தெரியும். மேரி வின்ட்சர் இந்திய இளவரசி மீட்டா. அமெரிக்க நடிகைக்குப் பொட்டும் புடவைக் கட்டும் போட்டு இளவரசி ஆக்கியது அன்றைய ஹாலிவுட் வழக்கம். இன்று பார்க்க ஒட்டவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்த வசனத்திலும் உயிர் இல்லை. அவரால் காப்பாற்ற முடியாத படங்களில் இது ஒன்று. ஆனால் ‘தி நேரோ மார்ஜின்’ வெளிவந்த அதே ஆண்டில், ஏற்காடு அடிவாரத்து ஸ்டூடியோவின் பெயர் போட்ட படத்தில், நம்பியார் ஆங்கிலம் பேசும் சட்டகத்துக்குள் அவரும் இருக்கிறார். சினிமா வரலாற்றில் அக்கறை உள்ள தமிழர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும். வாங்குவதானால் விற்பவரின் குறிப்பில் படத்தின் நீளத்தைப் பாருங்கள். 70 நிமிடத்துக்கும் கீழே போட்டிருந்தால் தொலைக்காட்சிக்காக வெட்டிய பிரதியாக இருக்கலாம். இன்னொன்று, இது கறுப்பு வெள்ளை அல்ல, பழுப்புச் சாயம் ஏற்றி வெளியிட்ட படம். மஞ்சள் கேபிளுக்காக டிவியில் கலரைப் பூஜ்யத்தில் வைத்திருந்தால், இந்தப் படத்தைப் போடும் முன் அதைப் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள்.